சந்தேகச் செடி

செல்லச்சாமி அதைப் புளிச்சைக்கீரை என்றுதான் நினைத்தான். அவன் மேல் தப்பில்லை. கை விரித்த மாதிரி இலை விரல் விரலாகப் பிரிந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல் வைத்து, பச்சைப் பசேலென்று நின்றால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பெண்சாதி வீட்டில் இல்லாத மனுஷன். நாலு இலையைக் கிள்ளிக் கடைந்தால் ஒரு நேரத்துச் சோறு இறங்கிவிடுமே என்று குனிந்தான்.

"ஏ அண்ணாச்சி! தொடாதேயும்! கைய எடும்வே!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தியவன் அய்யாக்குட்டி. கள், கஞ்சா முதலான போதைச் சரக்கைக் கவனிக்கும் லாகிரி வஸ்து மேற்பார்வை இலாகாவின் தென்காசி ஆபீசில் பியூன். பக்கத்துத் தோப்பில் கள் இறக்கும் தென்னைகளுக்கு நம்பர் போட வந்தவன், சுண்ணாம்புச் சட்டியும் கையுமாக வேலியைத் தாண்டிக் குதித்தான். செடியைச் சுற்றி வந்தான். மோந்து பார்த்தான். ஒரு தும்மல் போட்டான்.

"இது என்னன்னு தெரியுதா ஒமக்கு?"

"புளிச்ச."

"புளிச்சயா? நல்லாருக்கு. கஞ்சாவே இது! அசல் கஞ்சா!"

செல்லச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. செடி நின்ற இடம் அவன் தோப்பு மூலையில் இருக்கும் சுடலைமாடன் பீடத்துக்குப் பக்கம். சித்திரையில் கொடை விழா நடந்தபோது சுரண்டையிலிருந்து வந்த பங்காளிகள் மாடனுக்குச் சாராயம், சுருட்டு, கஞ்சா எல்லாம் வைத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டு முடித்ததும் மாடனுக்கு வைத்ததை மாடன் சார்பில் அவர்களே குடித்தார்கள். விதை புகைக்கு ஆகாது என்று பொறுக்கி எறிந்தார்கள். எறிந்ததில் ஒன்று குற்றாலத்துச் சாரலில் நனைந்து முளைத்துவிட்டது.

"அட, இவ்வளவுதானா. இந்தா, பிடுங்கிப் போட்டுருதேன்" என்று செல்லச்சாமி மறுபடி குனிந்தான்.

அய்யாக்குட்டி அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "ஐயையோ! பிடுங்கினீருன்னா சாட்சிய அழிச்சதா ஆயிரும். ஒண்ணும் செய்யாம அப்படியே நில்லும். இன்ஸ்பெக்டர் ஐயாவக் கூட்டிட்டு வாரேன்."

ஒன்றும் செய்யாமல் நிற்பது சுலபம் என்று செல்லச்சாமி நினைத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்தில் அவன் செய்த பெரிய தப்பு அதுதான்.

மறுநாள் ஒற்றைமாட்டு வண்டியில் இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார் வந்து இறங்கினார். சர்வீசில் சேர்ந்த நாள் முதல் அவர் மடியில் முடிந்த கஞ்சாவைப் பிடித்திருக்கிறார், சாமியார் ஜடைக்குள் செருகிய கஞ்சாவைப் பிடித்திருக்கிறார். உயிரோடு நிற்கிற செடியை மட்டும் பிடித்ததே இல்லை. பெண் பார்க்க வந்தவர் மாதிரி தூரத்தில் நின்று ஒரு தடவை பார்த்தார். கிட்டப் போய் ஒரு தடவை பார்த்தார். பிறகு சாரலில் நனைந்துவிடக் கூடாதே என்று தன் குடையைச் செடிக்குப் பிடிக்கும்படி அய்யாக்குட்டியிடம் கொடுத்துவிட்டு, தான் நனைந்தார்.

"ஏலே, நல்லாக் கேட்டுக்க" என்று தொண்டையைச் செருமினார். "பாக்கதுக்கு இது ஒரே செடி. சட்டத்துக்கு இது அஞ்சு சாமான். இலை இருக்கே, அது பாங்கு. அரைச்சுக் குடிக்கது. பூ இருக்கே, அதுதான் கஞ்சா. பூவுல கசியுத பிசின உருட்டி எடுத்தா அது சரஸ். மூணுக்கும் மூணு ஷரத்து. தண்டை ஊறப்போட்டு உரிச்சா நார். கயிறு திரிக்கலாம், குத்தமில்ல. விதையக் குருவிக்குப் போடலாம், அதுவும் குத்தமில்ல. வெளங்குதா?"

"வெளங்குது எசமான். இப்ப இது எது?"

"இப்பவா?" இன்ஸ்பெக்டர் செடியை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப இது சந்தேகம்."

"அப்படின்னா?"

"இதுல ஆண் செடி உண்டு, பெண் செடி உண்டு. பெண் செடியோட பூதான் கஞ்சான்னு சட்டத்துல இருக்கு. இது ஆணா பெண்ணான்னு பூத்தாத்தான் தெரியும். அதனால பூக்குத வரைக்கும் உன்னைப் பிடிக்க முடியாது." செல்லச்சாமி கையெடுத்துக் கும்பிடப் போனான். "இரு, முடிக்கல. பூக்குத வரைக்கும் உன்னை விடவும் முடியாது."

செல்லச்சாமி கும்பிடப் போன கையைக் கீழே போட்டான். "எசமான், தென்காசி சர்க்காரு கடையில போர்டு போட்டு இதைத்தான விக்காங்க? அங்க வாங்கின சரக்கோட விதைதான..."

"அது வேற, இது வேற!" இன்ஸ்பெக்டருக்கு மீசை துடித்தது. "கடையில வாங்கினா அது வருமானம். மண்ணுல மொளைச்சா அது ஒழுக்கக்கேடு. ஜனங்களை லாகிரியில இருந்து காப்பாத்தணும்னு சர்க்காரு துடிக்குது. அதனாலதான் மத்தவன் யாரும் விக்கக்கூடாதுன்னு தானே முன்ன நின்னு விக்குது. ஆளாளுக்கு வீட்டுல வளத்துக்கிட்டா அப்புறம் சர்க்காரு யாரைக் காப்பாத்தும்?"

இன்ஸ்பெக்டர் விரலை மடக்கி உத்தரவுகளைச் சொல்லிக்கொண்டே போனார். செடி செத்தால் சாட்சியை அழித்த குற்றம். செடியை வளர்த்தால் சாகுபடி செய்த குற்றம்.

"செடின்னா வளருமே எசமான்?"

"தானா வளரலாம். நீ வளக்கக்கூடாது. சாகவும் விடக்கூடாது. மத்தபடி நீ சுதந்திரமான ஆளு. தோப்பை விட்டு மட்டும் நகரக்கூடாது."

செல்லச்சாமியின் பெண்சாதி வள்ளித்தாய் தலைப்பிரசவத்துக்குப் பண்பொழியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வண்டி ஏறும்போது அவன் கையைப் பிடித்து, "புள்ளைய எங்க அம்மைக்கு அடுத்தால நீங்கதான் கையில வாங்கணும். சொன்ன நேரத்துக்கு வந்திரணும், ஆமா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனவள். காலைக்கஞ்சி குடித்துவிட்டு நடந்தால் வெயில் ஏறுமுன் போய்விடக்கூடிய ஊர்.

"எசமான், பெண்சாதி மாசமா இருக்கா. பண்பொழி வரைக்கும் ஒரு நடை..."

"பண்பொழியா?" இன்ஸ்பெக்டர் வண்டிப் படியில் வைத்த காலை எடுத்தார். "அது திருவாங்கூர் மகாராஜா சீமை. அந்நிய ராஜ்யம். நடுவுல சுங்கச் சவுக்கை இருக்கு. அதைத் தாண்டினா நீ தலைமறைவு. ரெண்டு ராஜாங்கமும் கடுதாசி போட்டுக்கிடும். பொண்டாட்டியப் பாக்கணும்னு ரெண்டு ராஜாங்கத்துக்கும் சண்டை மூட்டி விடப் பாக்கியா?"

தோப்பை விட்டு நகர மாட்டேன் என்று எழுதிய காகிதத்தில் செல்லச்சாமி கைநாட்டு வைத்தான்.

சாரல் இருந்த வரைக்கும் பெரிய கஷ்டம் இல்லை. வானத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கு இலாகா பொறுப்பு கேட்கவில்லை. ஆனி முடிகிற சமயம் வழக்கத்துக்கு மாறாகச் சாரல் நின்று வெயில் கொளுத்த ஆரம்பித்தது. செடி தலையைத் தொங்கப் போட்டது. தண்ணீர் ஊற்றினால் சாகுபடி. ஊற்றாவிட்டால் சாட்சி காலி. செல்லச்சாமி வாளியை எடுப்பதும் வைப்பதுமாக அலைந்தான். அய்யாக்குட்டிதான் வழி சொன்னான். ஆபீசில் பழகிய மூளை.

"அண்ணாச்சி, செடிக்கு ஊத்தினாத்தான குத்தம்? நீரு குளிக்கதுக்குச் சட்டத்துல தடை உண்டா?"

"இல்ல."

"அப்ப அதுக்குப் பக்கத்துல நின்னு குளியும். வழியுத தண்ணி எங்கன போகுதுங்கது தண்ணியோட இஷ்டம்."

செல்லச்சாமி காலையும் மாலையும் செடி ஓரத்தில் நின்று குளித்தான். வெயில் ஏறினால் மத்தியானமும் குளித்தான். ஊர் ஊராக ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு குளிக்க வருகிற குற்றாலத்தில், அருவி இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில், ஒரு மனுஷன் செடி பக்கத்தில் செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். ஐந்தருவிக்குப் போகிற கூட்டம் வேலியோரம் நின்று பார்த்தது. ஏதோ நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று இரண்டு பேர் செடிக்குக் கும்பிடு போட்டார்கள். அவனுக்குச் சளி பிடித்தது. செடி நிமிர்ந்து நின்றது.

ஆடியில் மாமியார் வடிவம்மாள் வந்தாள். தலையில் ஓலைப்பெட்டி, முகத்தில் இடி. உள்ளே வராமல் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மருமவனே, சௌரியமா இருக்கியளா? குளிச்சு முழுகிச் செழிப்பாத்தான் இருக்கிய. எம் மவ ஆம்பளப் புள்ளையப் பெத்துட்டு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கா. இந்தா இனிப்பு, தின்னுங்க. இந்தத் தோப்புக்குள்ள எவள வச்சிருக்கியன்னு கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன்."

ஆண்பிள்ளை! செல்லச்சாமிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்து அழுகை வந்தது. "அத்த, எவளும் இல்ல. செடி. இந்தச் செடியாலதான்..."

வடிவம்மாள் செடியைப் பார்த்தாள். மருமகனைப் பார்த்தாள். "செடிக்காகவா பெத்த புள்ளையப் பாக்க வரல? இன்னொருத்திய வச்சிருந்தாக் கூட ஊர்ல வெளிய சொல்லலாமே. இத எங்க போயிச் சொல்ல? தள்ளுங்க, இப்பமே பிடுங்கி அடுப்புல வைக்கேன்."

செல்லச்சாமி குறுக்கே விழுந்து தடுத்தான். மாமியார் கையைப் பிடித்துத் தடுக்க முடியாது, மரியாதை இல்லை. அதனால் செடியைக் கட்டிக்கொண்டான். வடிவம்மாள் கண்ணால் பார்த்தது அதைத்தான். பண்பொழியில் போய்ச் சொன்னதும் அதைத்தான்.

அன்றைக்கே செல்லச்சாமி அய்யாக்குட்டி மூலமாக, பண்பொழிக்குப் போய்வர அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டான். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, பரிவோடு விசாரித்தார்.

"பேசாமச் செடியையும் கூட எடுத்துட்டுப் போகலாம். ஆனா எடுத்துட்டுப் போக பாஸ் வேணும். பிடுங்கினாத்தான் எடுத்துட்டுப் போக முடியும். பிடுங்கினா குத்தம். அதனால பாஸ் குடுக்கதுக்கில்ல."

"வேற யாரையாவது காவலுக்கு வச்சிட்டுப் போறேன் எசமான்."

"அப்ப அவன் கைவசம் செடி இருக்குன்னு அவன் மேல ஒரு கேஸு போடணும். அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்லா? உன் சௌரியத்துக்கு இன்னொரு குடும்பத்தைக் கெடுக்கப் பாக்கியே, உனக்கு இரக்கம் இல்லயா?"

தனக்கு இரக்கம் இல்லைதான் போல என்று செல்லச்சாமிக்கே தோன்ற ஆரம்பித்தது.

இதற்கிடையில் ஓர் இலையைச் சென்னப்பட்டணத்து ரசாயனப் பரிசோதகருக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தோப்பில் நின்று உரக்க வாசித்தார். செடியும் கேட்கட்டும் என்பது போல இருந்தது.

"இலையில மயக்கம் குடுக்குத வஸ்து ஒண்ணு இருக்குன்னு எழுதியிருக்கார். அது பிசினுக்குள்ள இருக்கு, தண்ணியில கரையாது, சாராயத்துல கரையும். அது என்ன வஸ்துன்னு உலகத்துல இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாதாம். தெரிஞ்ச உடனே தெரிவிக்கப்படும்னு போட்டிருக்கு."

"எப்பத் தெரியும் எசமான்?"

"சயன்ஸை அவசரப்படுத்தக் கூடாதுலே. என்னன்னு தெரியாத ஒரு வஸ்துவை எதிர்த்து நாம போராடிக்கிட்டு இருக்கோம். எவ்வளவு பெரிய காரியம், நெனச்சுப் பாரு."

ஆவணியில் செடி பூத்தது. சின்னச் சின்னக் குலையாக, மஞ்சளும் பச்சையுமாகத் தொங்கின. தட்டினால் மாவு மாதிரி பூந்தாது பறந்தது. இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் விழுந்துபோனது.

"ஆண்" என்றார், பேரக்குழந்தைக்குப் பதில் கத்தரிக்காய் பிறந்தது போல.

செல்லச்சாமி துள்ளினான். "ஆணுன்னா கஞ்சா இல்லைல்லா எசமான்? குத்தமில்லைல்லா? நான் போலாம்லா?" மேல்துண்டை உதறித் தோளில் போட்டே விட்டான்.

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அதில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. "இரு. ஆம்பளச் செடி இங்கன தனியா நிக்கின்னா என்ன அர்த்தம்? பொம்பளச் செடி எங்கயோ ஒரு எடத்துல காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இவன் இங்க, அவ அங்க. பிரிச்சு வைக்கது எந்த ஊரு நியாயம்? ரெண்டையும் சேத்து வைக்குத வரைக்கும் இலாகா தூங்காது."

செல்லச்சாமி மெதுவாகச் சொன்னான். "எசமான், அதைத்தான் நானும் சொல்லுதேன். பண்பொழியில..."

"பண்பொழியிலயா இருக்கு?" இன்ஸ்பெக்டர் பாய்ந்து அவன் தோளைப் பிடித்தார். "எந்தத் தெருவுல? எவ்வளவு உசரம்?"

"செடி இல்ல எசமான். எம் பொண்டாட்டி."

இன்ஸ்பெக்டர் கையை எடுத்தார். "முக்கியமான விஷயம் பேசும்போது குறுக்க பேசாத."

இலாகா பெண் செடியைத் தேடியது. ஐந்தருவி வரைக்கும் புதர் புதராகத் தட்டிப் பார்த்தார்கள். யாரோ வீட்டுக் கொல்லையில் செண்டுப்பூச் செடியைக் கைப்பற்றி, அது பூத்ததும் வருத்தம் தெரிவித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பெண் செடி அகப்படவே இல்லை. அகப்படாததே அது எவ்வளவு தந்திரமான செடி என்பதற்கு ருசு என்று இன்ஸ்பெக்டர் மேலே எழுதினார்.

கடைசியில் கேஸ் விசாரணைக்கு வந்தது. சாட்சி கோர்ட்டுக்கு நடந்து வர முடியாதபடியால் கோர்ட்டு சாட்சியிடம் வந்தது. மாஜிஸ்திரேட், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்தவர், ஈரத்தலையோடு தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செடியைப் பார்த்தார். அதற்குள் அது பழுத்துக் காய்ந்து குச்சியாகிவிட்டிருந்தது. ஆண் செடி பூந்தாதை உதிர்த்ததும் தானாகக் காய்ந்துபோகும், அது அதன் ஜாதகம். சாட்சி இயற்கையாக மரணம் அடைந்ததாக அய்யாக்குட்டி வாக்குமூலம் கொடுத்தான்.

மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்னார். ஆண் செடி குற்றமற்றது. ஆகையால் செல்லச்சாமியும் குற்றமற்றவன். தோப்புக்கு வெளியே நின்ற ஜனங்கள் கை தட்டினார்கள். செல்லச்சாமிக்குக் கண்ணீர் வந்தது.

"இருந்தாலும்" என்றார் மாஜிஸ்திரேட். "இந்த மண்ணில் ஒரு தரம் முளைத்தது மறு தரமும் முளைக்கலாம். இந்த இடத்தை வேலி போட்டு நிரந்தரமாகக் காவல் காக்க வேண்டியது. காவலுக்கு அனுபவசாலி வேண்டும். இந்தச் செடியை வளர்க்காமலும் சாக விடாமலும் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் ஜில்லாவிலேயே ஒருத்தன்தான். அவனையே நியமிக்கிறேன். முதல் வருஷம் லீவு கிடையாது."

"எசமான், எனக்கு வேண்டாம்" என்று செல்லச்சாமி கத்தினான்.

இன்ஸ்பெக்டர் அவன் காதோடு குனிந்தார். "வேண்டாம்னு சொன்னா ஏன் வேண்டாங்கான்னு சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா மறுபடி முதல்ல இருந்து. யோசிச்சுக்க."

அவனுக்குக் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். குச்சியைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஒரு மழைக்காற்றில் குச்சியும் விழுந்து மக்கிப்போனது. வேலி இருந்தது. செல்லச்சாமி இருந்தான். பண்பொழியில் வடிவம்மாள் தெருத்தெருவாகப் போய், மருமகன் சர்க்கார் உத்தியோகஸ்தன் ஆகிவிட்டான் என்று சொல்லிவிட்டு வந்தாள். செடியைக் கட்டிக்கொண்டு கிடந்த கதையை யார் கிளப்பிவிட்டார்கள் என்று அவளே விசாரிக்கவும் செய்தாள். "உத்தியோகத்தை விட்டுட்டு இங்கன வந்து நின்றாதிய, ஊரு சிரிக்கும்" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்.

வள்ளித்தாய்க்கு அந்தப் பெருமை பிடிக்கவில்லை. ஒரு நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சவுக்கையைத் தாண்டி, அவளே நடந்து வந்துவிட்டாள்.

செல்லச்சாமி முள்வேலிக்குள் நின்று பார்த்தான். பிள்ளையின் மூக்கு அவனுடையது. முறைப்பு வடிவம்மாளுடையது. கண் மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கிய? வந்து வாங்குங்க" என்றாள் வள்ளித்தாய்.

"மதினி, நில்லுங்க" என்று அய்யாக்குட்டி ஓடி வந்தான். அவனுக்கும் சொல்லப் பிடிக்கவில்லை. "வயசு வராத மைனருங்க யாரும் வேலிக்குள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு. லாகிரி எடம்லா? அண்ணாச்சியும் வேலைநேரத்துல வெளிய வரக்கூடாது."

"எந்நேரம் வேலைநேரம் முடியும்?"

"அது உத்தரவுல இல்ல."

"உள்ள என்ன லாகிரி இருக்கு? வெறும் மண்ணுல்லா கெடக்கு!"

"அந்த மண்ணுதான் மதினி."

வள்ளித்தாய் வேலியோரம் அப்படியே உட்கார்ந்தாள். செல்லச்சாமியும் இந்தப் பக்கம் உட்கார்ந்தான். பிறகு அவன் அய்யாக்குட்டியிடம் கேட்டான். "தம்பி, விரலு போகலாமா?"

அய்யாக்குட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "விரலைப் பத்தி ஒண்ணும் போடல அண்ணாச்சி."

முள்ளுக்கு நடுவில் செல்லச்சாமி ஆள்காட்டி விரலை நீட்டினான். பிள்ளை அதை ஒரு தினுசாகப் பார்த்தது. பிறகு லபக்கென்று பிடித்தது. செல்லச்சாமி இழுத்துப் பார்த்தான். விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தது.

அந்தச் சமயம் பார்த்து இன்ஸ்பெக்டரின் ஒற்றைமாட்டு வண்டி வந்து நின்றது.

"என்னலே நடக்குது இங்க?"

அய்யாக்குட்டி விறைப்பாக சலாம் வைத்தான். "பறிமுதல் எசமான். மைனர் ஒருத்தர் காவலாளி விரலைப் பறிமுதல் பண்ணி வச்சிருக்காரு. விட மாட்டேங்காரு."

ஆறுமுகநயினார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். விரலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி வெகு நேரம் யோசித்தார்.

"ரசீது குடுத்திருக்கானா?"

"இல்ல எசமான்."

"ரசீது இல்லாமப் பறிமுதல் ஆன சாமானைத் திருப்பி வாங்க ஷரத்து கிடையாது. அப்படியே நிறுத்தி வை. நான் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுப் பதில் வரவழைக்கேன். அது வரைக்கும் ரெண்டு பேரும் அசையக்கூடாது."

சர்க்காரிடம் அகப்பட்ட நாள் முதலாகச் செல்லச்சாமி மனசாரக் கீழ்ப்படிந்த முதல் உத்தரவு அதுதான். அசையாமல் உட்கார்ந்திருந்தான்.